மேடம் வேறு கோர்ட்டில் இருக்கிறார்

கழுத்துப் பட்டை குத்திக்கொண்டே இருந்தது. கஞ்சி அதிகம். நேற்று அவளே போட்ட கஞ்சி, அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. உலகம்மாள் பட்டைக்குள் ஒரு விரலை விட்டுத் தளர்த்தப் பார்த்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிகிற வக்கீலைப் பற்றி ஜட்ஜ் என்ன நினைப்பார் என்று தோன்றவும் விரலை வெளியே எடுத்தாள். எடுத்த விரலை எங்கே வைப்பது? மடியில் இருந்த வழக்குக் கட்டின் மேல் வைத்தாள். கட்டு சூடாக இருந்தது. கோர்ட் கூடியதிலிருந்து மடியில் வைத்து அடைகாத்தால் சூடாகாமல் என்ன செய்யும். அங்கே தென்னந்தோப்புப் பங்காளிகளுக்காக ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார், மரம் மரமாக. மேற்கு வரப்பு ஓரம் நிற்கும் மரம், அதற்குத் தெற்கே சாய்ந்து நிற்கும் மரம், சாய்ந்த மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் உள்ள மரம். நிறைய மரங்கள் இருக்கட்டும் சாமி, தோப்பு பெரிய தோப்பாக இருக்கட்டும், சாப்பாட்டு வேளை வரை போகட்டும். வேண்டாம், வேண்டாம், சீக்கிரம் முடிந்துவிடட்டும், பல் பிடுங்கப் போனால் முதல் ஆளாகப் போய்விடுவது நல்லது. அடுத்தது அவளுடைய கேஸ். அவளுடையது என்றால் சேர்மக்கனி அக்காவின் மாவு மில். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று மனுப் போட்டார். மில்லை மூடச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. அந்த நோட்டீஸுக்கு அவளுடைய சீனியர் சங்கரவடிவு மேடம் ஓர் இடைக்காலத் தடை வாங்கினார். தடை இன்றோடு முடிகிறது. இன்று யாராவது எழுந்து நின்று அதை நீட்டிக்கச் சொல்லி வாதாட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலை மில்லுக்குப் பூட்டு. அந்த யாராவது உலகம்மாள்தான், ஏனென்றால் மேடம் போன மாதம் இறந்துபோய்விட்டார்.

இறந்துபோய்விட்டார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை. மேடத்துக்கு இறந்துபோகிற சுபாவம் கிடையாது. ஒரு காரியத்தை அவர் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களைக்கூட உட்கார வைத்து, சிவப்பு மையால் திருத்தித்தான் அனுப்புவார். "சுற்றமும் நட்பும் சூழன்னு போட்டிருக்கே, சூழலைன்னா கல்யாணம் நடக்காதா? எதுக்கு நிபந்தனை?" முதல் நாள் உலகம்மாள் அந்த ஆபீசுக்குள் போனபோதும் அவர் எதையோ திருத்திக்கொண்டுதான் இருந்தார். நிமிராமல், "பேர் என்ன?" என்றார். உலகம்மாளுக்கு வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. சட்டக் கல்லூரியில் அத்தனை வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கியவள். கடைசியில், "அதாவது, உலகம்மாள்" என்றாள். மேடம் பேனாவை வைத்தார். "பேருக்கு எதுக்கும்மா அதாவது? வேற பேரும் இருக்கா?" அன்றிலிருந்து அந்த ஆபீசில் அதாவதுக்குத் தடை, அதை நீக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. 'வந்து' என்பதற்கும் தடை. "யாரு வந்து? எங்க வந்து?" என்று கேட்டே கொன்றுவிடுவார். இதெல்லாம் போனபின் பேச அவளிடம் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் திரட்டி மேடம் ஒரே ஒரு வாக்கியம் செய்து கொடுத்தார். மூன்று வருஷமாக இந்த ஹாலில் உலகம்மாள் பேசியது அது ஒன்றுதான். சீனியர் வராதபோது கேஸைக் கூப்பிட்டுவிட்டால், கொஞ்சம் தள்ளிக் கூப்பிடச் சொல்லி ஜூனியர் கேட்டுக்கொள்கிற வாக்கியம். எங்க சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க, பாஸ் ஓவர் வேணும், யுவர் ஆனர். அதற்கும் ஒத்திகை. ஆபீஸ் பீரோவைப் பார்த்து நின்றுகொண்டு, திரும்பத் திரும்ப. "பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சிரணும். ஒரே மூச்சு. அவங்க யோசிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள உட்கார்ந்திரணும். பாஸ் ஓவர் கேக்குறதும் வாதம்தான், உலகம். அந்த பீரோ முகத்தைப் பாரு. அது ஒத்துக்கிட்ட மாதிரியா இருக்கு?" பீரோ ஒத்துக்கொள்ளப் பல வாரம் ஆயிற்று.

பின்னாலிருந்து முதுகை ஒரு விரல் தட்டியது. சேர்மக்கனி அக்கா. புடவையில் மிளகாய் நெடி, முந்தானை ஓரத்தில் அரிசி மாவு. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து நகர்ந்து நகர்ந்து வக்கீல்கள் பின்னாலேயே வந்துவிட்டார். "ஏ பிள்ளே, நம்மள எப்பம் கூப்பிடுவாவ?" "இது முடிஞ்சதும்க்கா." "மொகம் ஏன் வெளுத்துக் கெடக்கு? காலைல சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்க்கா." "பொய் சொல்லாத. நீ அவ்வோகிட்ட இருந்த பிள்ளல்லா, நீ எந்திரிச்சி நின்னாலே போதும், நாம ஜெயிச்சிருவோம்." எந்திரிச்சு நின்னாலே போதுமாம். ஊரில் எத்தனையோ பெரிய வக்கீல்கள் கட்டைக் கேட்டும் இந்த அக்கா கொடுக்கவில்லை. மேடம் வீட்டுத் துக்கத்துக்கு வந்தபோதே, மூக்கைச் சிந்திக்கொண்டே, "இனி நீதான் எனக்கு வக்கீல்" என்று சொல்லிவிட்டுப் போனார். துக்க வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா. இன்று காலை பஸ்ஸில் வரும்போதுகூட உலகம்மாள் அதையே நினைத்துக்கொண்டு, பஸ் எங்காவது நின்றுபோனால் நன்றாயிருக்கும் என்று பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் நன்றாக ஓடியது. மில் இருக்கும் தெருமுனையில் ஆள் இறங்க நின்றபோது ஜன்னல் வழியே பார்த்தாள். வாய்க்குக் கிடைக்காத வேலையெல்லாம் அவளுடைய கண்ணுக்குத்தான் கிடைக்கும். சத்தம் தாங்கவில்லை என்று மனுப் போட்ட அதே பக்கத்து வீடு, மில்லைப் பார்த்த அதே மாடிச் சுவர், அதில் புதிதாக ஒரு போர்டு. அமைதியான சூழலில் மாடி வீடு வாடகைக்கு. கீழே அவருடைய போன் நம்பர். அவள் இறங்கிவிட்டாள். இறங்கி, போனைத் தூக்கி, போட்டோ எடுக்கப் போன கணத்தில் காதுக்குள் மேடத்தின் குரல். போட்டோ யாரு எடுத்தது? நீயா? அப்போ நீ சாட்சி, கூண்டுல ஏறு, வாதாட வேற ஆளைப் பார்க்கிறேன். போனை இறக்கிவிட்டு மில்லுக்குள் ஓடி, அக்காவை இழுத்துவந்து, அவர் போனில் அவரையே எடுக்க வைத்தாள். அக்கா எடுத்ததில் பாதி படம் போர்டு, மீதி அக்காவின் கட்டைவிரல். பிரிண்ட் போடும் கடைக்காரர், "விரலை வெட்டிரவா மேடம்?" என்று கேட்டார். அவளை மேடம் என்று ஒருவர் கூப்பிட்டதில் அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

தோப்பில் இப்போது வேலி வந்துவிட்டது. வேலி வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்து நாற்காலியில் எதிர்த்தரப்பில், பக்கத்து வீட்டுக்காரருடைய வக்கீல் நல்லபெருமாள் சார் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக மேடத்துக்கு எதிரில் நின்றவர். இரங்கல் கூட்டத்தில் அவர்தான் தேம்பித் தேம்பி அழுதார். இனிமேல் யாரிடம் தோற்பேன் என்று அவர் கேட்டபோது பார் அசோசியேஷனே மூக்கை உறிஞ்சியது. பாவம், அவருக்கு ஒன்று தெரியாது என்றுதான் உலகம்மாள் நினைத்திருந்தாள். மேடம் பெரும்பாலும் வேறு கோர்ட்டில் இருந்ததே இல்லை. கேன்டீனில் இருப்பார். உளுந்தவடை சுடச்சுட இறங்கும் நேரம் அவருக்கு அத்துப்படி. இங்கே உலகம்மாள் ஒரே மூச்சில் பாஸ் ஓவர் வாங்கி உட்காரும்போது, அங்கே அவர் வடையைப் பிட்டு ஆறவிட்டபடி, எதிர்த்தரப்பு மனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படித்துக்கொண்டிருப்பார். வடைக்காக மட்டும் இல்லை. நல்லபெருமாள் சாருக்குச் சர்க்கரை. ஒரு மணிக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்கு ஆட்சேபணை செய்யக்கூடத் தெம்பு இருக்காது. கேஸைத் தள்ளித் தள்ளி ஒரு மணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மேடம் கவுனைச் சரிசெய்துகொண்டு நிதானமாக உள்ளே நுழைவார். ஜெயித்ததும் கைப்பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முதல் பிஸ்கட்டை அவருக்கு நீட்டுவார். அவரும் நன்றி சொல்லி வாங்கித் தின்பார். இது நியாயமா என்று உலகம்மாள் ஒரு தடவை, முகத்தால்தான், கேட்டுவிட்டாள். "பிஸ்கட் குடுத்தேன்ல?" என்றார் மேடம். ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய். அந்த உயில் கேஸை நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறிகிறது. பெரியவர் என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சத்தியம் செய்த சாட்சியிடம் மேடம் உயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு வெயிலா, மழையா, காப்பி யார் கொண்டுவந்தது, டம்ளரா, கப்பா, பெரியவருக்குச் சர்க்கரை தூக்கலா. சாட்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கேட்டதற்கெல்லாம் கூடவே ஒன்றைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தார். காப்பி சூடு என்பதால் பெரியவர் டம்ளரை வலது கையில் துண்டோடு பிடித்திருந்தார். குடித்துக்கொண்டே வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டார். மேடம் சும்மா நின்றார். ஜட்ஜ்தான் மெதுவாகக் கேட்டார், "பெரியவருக்கு வலது கை எத்தனைப்பா?" வெளியே வந்ததும் மேடம் சொன்னது, "பொய் சொல்றவனுக்குத் தாராள மனசு, உலகம். நாம கூச்சப்படாம கேட்டு வாங்கிக்கிடணும்." கூச்சப்படாமல். அதைச் சொல்லும்போது அவளைப் பார்த்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா?

இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் போல மாட்டிக்கொண்டது. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது, இன்றைக்கு நீ வாதாடு என்று சொன்னாரா? இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னாரா? ஒரு தடவை, ஒரே தடவை, அவள் எழுதிய மனுவை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "பரவாயில்ல, இது ஒரு வழக்குன்னு புரியுது" என்றார். அதை அவள் வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு அதில் என்ன பெருமை என்று விளங்கவில்லை. உலகம்மாளுக்கு மட்டும் அன்று ராச்சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். ஆனால் மற்றபடி? பாஸ் ஓவர் கேட்க மட்டும்தான் இவள் லாயக்கு என்று நினைத்தாரா? கிளி வளர்ப்பது மாதிரி ஒரு வாக்கியத்தைப் பழக்கி வைத்துக்கொண்டாரா? கேட்டுவிடலாம் என்று, மேடம் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்மையாகவே அதற்காகத்தான் போனாள், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒரு சாக்கு. அங்கே ஆப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வந்த சின்ன டாக்டர் கட்டில் பக்கத்தில் வியர்த்து நின்றுகொண்டிருந்தார். "எல்லா விளைவுகளுக்கும் நானே பொறுப்புன்னு போட்டிருக்கு. எல்லான்னா? நீங்க கத்தரிக்கோலை உள்ள வச்சுத் தைச்சாலும் நானா?" "மேடம், எல்லாரும் இதுலதான் கையெழுத்துப் போடுவாங்க." "எல்லாரும் போட்டா சரியாயிருமா? உலகம், சிவப்புப் பேனா." உலகம்மாளின் பையில் சிவப்புப் பேனா இருந்தது. எப்போதும் இருக்கும். மேடம் அந்த வரியை அடித்து, அடித்ததற்குப் பக்கத்தில் டாக்டரை ஒரு சின்னக் கையெழுத்துப் போட வைத்து, அப்புறம்தான் தன்னுடையதைப் போட்டார். ஆப்பரேஷன் நன்றாகவே முடிந்தது. டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, விடியும்போது, இதயம் தானே நின்றுகொண்டது, யாருடைய அனுமதியும் கேட்காமல். அதற்கு முந்தின சாயங்காலம் உலகம்மாள் கட்டில் ஓரத்தில் நின்று, கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிடுவது என்று மூச்சை இழுத்தாள். நான் எப்படி மேடம், தேறுவேனா? மேடம் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பட்டை என்ன இவ்வளவு அழுக்கா இருக்கு? துவைச்சுக் கஞ்சி போட்டு வை." இழுத்த மூச்சை அவள் விட்டுவிட்டாள். அவ்வளவுதான். கடைசி வார்த்தை கஞ்சி. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இப்படி ஒருவர் மேல் கோபப்படாமல் எப்படி இருப்பது? அழுதுகொண்டே கோபப்படலாம், அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள், முகம் கழுவும்போது.

"என்னம்மா உலகம்." நல்லபெருமாள் சார் குனிந்து அவள் காதருகே வந்துவிட்டார். மாத்திரை வாசனையும் விபூதி வாசனையும். அவள் எழுந்திருக்கப் போனாள். "இரு, இரு. டென்ஷன் ஆகாத. உன்னையப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. நான் ஒண்ணு செய்யுறேன், ஒரு மாசம் வாய்தாவுக்கு ஒத்துக்கிடுறேன். நீ நிதானமாத் தயார் பண்ணிக்கோ. யார்ட்டயாவது கேட்டுக்கிடணும்னாலும் கேட்டுக்கோ. அந்தம்மா எனக்குக் கூடப்பொறந்த அக்கா மாதிரி." அவர் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது, உலகம்மாள் நன்றாகப் பார்த்தாள். அவளுக்கும் கலங்கிவிட்டது. ஒரு மாசம்! முப்பது நாள் பேச வேண்டாம்! எவ்வளவு நல்ல மனிதர், இவரையா ஒரு மணி வரைக்கும் பட்டினி போட்டோம். "சரிங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தோப்பு முடிந்துவிட்டது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார், ஜட்ஜ் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், டவாலி வாசலில் நின்று, "சேர்மக்கனீஈஈ" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயர் முடிவதற்குள் உலகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கால் எழுந்தது, கை கட்டை மார்போடு அணைத்தது, தலை சரியான அளவுக்குக் குனிந்தது, வாய் திறந்தது, ஒரே மூச்சில், தெளிவாக, பீரோவே கைதட்டும்படியாகச் சொல்லிவிட்டது: "எங்க சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க, பாஸ் ஓவர் வேணும், யுவர் ஆனர்." சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டாள். ஜட்ஜ் எழுதுவதிலிருந்து நிமிரவில்லை. "எப்போ வருவாங்க?" உலகம்மாள் மறுபடி எழுந்தாள். "மத்தியானம் வந்துருவாங்க, யுவர் ஆனர்." நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். நல்லபெருமாள் சார் விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். "யுவர் ஆனர், இதே வேலையாப் போச்சு! முப்பது வருஷமா இதைத்தான் பாக்கிறேன். அந்தம்மா வேணும்னேதான் வராம இருக்காங்க. என் சாப்பாட்டு நேரம் பாத்துத்தான் வருவாங்க. இன்னைக்கு நேர்ல வந்து பதில் சொல்லச் சொல்லுங்க!" ஜட்ஜ் சலித்துக்கொண்டார். "சரி, மத்தியானம் கண்டிப்பா ஆஜராகணும்னு சொல்லுங்கம்மா. இதுதான் அவங்களுக்குக் கடைசி வாய்ப்பு." பெஞ்ச் கிளார்க் அதை எழுத ஆரம்பித்து, பாதியில் பேனாவை நிறுத்தி, எழுதியதையே உற்றுப் பார்த்தார். அப்போதுதான் பின்னாலிருந்து சேர்மக்கனி அக்காவின் குரல், மில் ஓடும்போது பேசிப் பழகிய குரல், கூரையில் போய் முட்டியது. "அய்யா! அவ்வோ செத்துட்டாவல்லா!"

மின்விசிறிகூட வெட்கப்பட்டுச் சுற்றுகிற மாதிரி இருந்தது. ஜட்ஜ் பேனாவை வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், கழற்றிய கண்ணாடியைப் பார்த்தார். போன மாதம் இரங்கல் தீர்மானத்தை வாசித்தவரே அவர்தான். நல்லபெருமாள் சாரின் விரல் இன்னும் மேலேயே இருந்தது, அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மடக்கி, கையைப் பார்த்து, மெதுவாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மன்னிக்கணும், யுவர் ஆனர். பழக்கம்." "எனக்கும்தான்" என்றார் ஜட்ஜ். கிளார்க்கைப் பார்த்து, "அதை அடிச்சிருங்க" என்றார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார். அப்புறம் நிறையப் பேருக்கு இருமல் வந்தது. உலகம்மாளுக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. காதிலிருந்து கழுத்து வரை எரிந்தது, இந்த முறை கஞ்சியால் இல்லை. பொய்யே சொல்லிவிட்டாள். செத்துப்போனவரை மத்தியானம் வரச் சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டாள். இனி இந்த ஊரில் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஓடிவிடலாமா? வாசலுக்கும் அவளுக்கும் நடுவே தோப்புக்காரர்கள் கும்பலாக நின்றார்கள். "என்னம்மா செய்யலாம்?" என்றார் ஜட்ஜ். அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டால் அவளுக்கு இன்னும் பேச வராது. நல்லபெருமாள் சார் தொண்டையைச் செருமினார். "யுவர் ஆனர், சின்னப் பொண்ணு. ஒரு மாசம் வாய்தா குடுத்துருங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை." ஜட்ஜ் தலையசைத்துப் பேனாவை எடுத்தார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. எவ்வளவு நல்ல மனிதர் என்று உலகம்மாள் மறுபடியும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள், பார்ப்பதுதானே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. அவர் கண்ணில் ஈரம் இருந்தது. அந்த ஈரத்துக்குக் கீழே அவர் கை, சத்தமில்லாமல், தன் கட்டின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்த கேஸை மடித்து வைக்கிற முடிச்சு. வாய்தா என்றார். தடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதருகே வந்தபோதும் சொல்லவில்லை. கேஸ் ஒரு மாதம் தள்ளிப்போகும், தடை இன்றோடு போகும், நாளைக் காலை பூட்டு வரும், அடுத்த மாதம் வந்து எதற்கு வாதாடுவது, துருப்பிடித்த பூட்டுக்கா? அவர் அழுதது பொய்யில்லை, முடிச்சும் பொய்யில்லை. அவர் வேலையை அவர் செய்கிறார். ஜட்ஜின் பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"வேண்டாம்" என்றாள். ஹாலில் யாரோ சத்தமாகப் பேசிய மாதிரி இருந்தது, அவள்தான். "வாய்தா வேண்டாம், யுவர் ஆனர். பாஸ் ஓவரும் வேண்டாம். நானே... அதாவது..." அதாவது! தடை செய்யப்பட்ட பொருள் வாய்க்குள்ளிருந்து பிடிபட்ட மாதிரி திகைத்து நின்றாள். திருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இடது பக்கம் மேடத்தின் நாற்காலி காலியாக இருந்தது, காதுக்குள்ளும் காலியாக இருந்தது. வராததால் வேறு வழியில்லாமல் அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அதற்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்ததைச் சொன்னாள். போர்டைப் பற்றிச் சொன்னாள், அது எந்தச் சுவரில், எதைப் பார்த்து, என்ன எழுதித் தொங்குகிறது என்று சொன்னாள், காலையில் அவசரமாக எழுதிய மெமோவோடு படத்தை நீட்டினாள். ஜட்ஜ் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இந்தக் கட்டைவிரல் யாரோடது?" "என் கட்சிக்காரரோடது, யுவர் ஆனர். படம் எடுத்தது அவங்கதான்னு அதுவே சாட்சி." "ஆமாய்யா, எனக்குள்ளதுதான்!" என்று பின்னாலிருந்து அக்கா விரலைத் தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை யாரும் இருமலாக மாற்றவில்லை. நல்லபெருமாள் சார் முடிச்சை அவசரமாக அவிழ்த்துக்கொண்டே எழுந்தார். "யுவர் ஆனர், வாடகைக்கு விடுறவங்க நாலு வார்த்தை கூடக்கொறைய எழுதத்தான் செய்வாங்க." "நாலு வேண்டாம், ஒண்ணு சொல்லுங்க" என்றார் ஜட்ஜ். "உங்க கட்சிக்காரர் வீடு அமைதியா இருக்கா, இல்லையா?" நல்லபெருமாள் சார் யோசித்தார். அமைதி என்றால் கேஸ் போச்சு, இல்லை என்றால் வாடகை போச்சு. "கட்சிக்காரரைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். அந்த நேரத்துக்குள் உலகம்மாள் மோட்டாருக்குப் போய்விட்டாள். மோட்டாருக்கு அடியில் ரப்பர் போட்டிருப்பதைச் சொன்னாள். மில் சாயங்காலத்தோடு நின்றுவிடுவதைச் சொன்னாள். மிளகாய்க்கு ஒரு சத்தம், அரிசிக்கு ஒரு சத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள். தெருவில் அதைவிடச் சத்தமாக ஓடுவது எவை எவை என்று மினி பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று வருஷமாகப் பார்த்து வைத்ததெல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, கதவு திறந்த பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்குகிற மாதிரி, எதைப் பிடித்து நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. நடுவில் ஜட்ஜின் உதடு அசைந்தது. கிளார்க் எதையோ எழுதினார். நல்லபெருமாள் சார் உட்கார்ந்து, கட்டை மூடி, கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்தார். டவாலி வாசலுக்குப் போய் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார். பக்கத்தில் வேறொரு வக்கீல் வந்து, கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரியாதையாகக் காத்து நின்றார். சேர்மக்கனி அக்கா கவுனைப் பிடித்து இழுத்தார். "ஏ பிள்ளே, போதும், போதும். நீட்டிச்சுக் குடுத்துட்டாவ. அய்யா சொல்லி எம்புட்டு நேரமாச்சு." உலகம்மாள் கவுனை விடுவித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையால் சைகை காட்டிவிட்டு, ஜட்ஜைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் இருக்கு, யுவர் ஆனர்."